மஸ்டாங்கா, எஃப்-16-ஆ? வான்சாகசம் பழக எந்தப் போர் விமான சிமுலேட்டர்

2024 அக்டோபர் 6-ஆம் தேதி மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. அதற்குப் பிறகு கடலூரில் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, விமானப்படையோட சூர்யகிரண் டீம் காட்டினதை கம்ப்யூட்டர்ல நிஜமா செஞ்சு பார்க்கணும். எந்த சிமுலேட்டர் வாங்குறது?" மஞ்சக்குப்பத்தில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன் பெயர்களையே எழுதிக்கொண்டு வந்துவிட்டான். டிசிஎஸ் வேர்ல்ட், ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ், ஃபால்கன் பிஎம்எஸ், வார் தண்டர். நாலில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றான். ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

யூடியூப்பில் இந்த நான்கையும் ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் கிராஃபிக்ஸ், விமானங்களின் எண்ணிக்கை, ஆன்லைனில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். சாகசம் பழக வருபவருக்கு இவை மூன்றும் இரண்டாம்பட்சம். நான் பார்ப்பது ஒரு விஷயத்தை: வேகம் குறையும்போது அந்த சிமுலேட்டரில் விமானம் எப்படி நடந்துகொள்கிறது? மணிக்கு 300 மைல் வேகத்தில் நேராகப் பறக்கும்போது எல்லா சிமுலேட்டரும் நன்றாகத்தான் இருக்கும். லூப் என்ற செங்குத்து வட்டத்தின் உச்சியில், செங்குத்தாக ஏறி நிற்கப் போகும் நேரத்தில், தலைகீழாக இருக்கும் அந்தச் சில நொடிகளில்தான் வித்தியாசம் தெரியும். வான்சாகசம் என்பதே அந்த இடங்களில் விமானத்தைக் கையில் வைத்திருப்பதுதான்.

அதனால் நாலிலும் ஒரே பயிற்சிகளைச் செய்து பார்த்தேன். லூப், ஸ்லோ ரோல் (நேராகப் போய்க்கொண்டே மெதுவாக ஒரு முழு உருளல்), ஸ்டால் டர்ன் (செங்குத்தாக ஏறி, நிற்கும் நேரத்தில் பக்கவாட்டில் திரும்பி இறங்குவது), அப்புறம் இம்மெல்மான், ஸ்ப்ளிட்-எஸ். கடைசி இரண்டும் அரை லூப்தான். இம்மெல்மானில் மேலே அரை லூப் போட்டு உச்சியில் நிமிர்த்துகிறோம். ஸ்ப்ளிட்-எஸ்ஸில் முதலில் கவிழ்த்துவிட்டுக் கீழ்நோக்கி இழுக்கிறோம். முன்னதில் வேகத்தைக் கொடுத்து உயரம் வாங்குகிறோம், பின்னதில் உயரத்தைக் கொடுத்து வேகம் வாங்குகிறோம். சண்டையில் எதிரியைப் பின்னால் இருந்து உதறுவதற்கும் இந்தக் கணக்குதான் உதவும்.

வார் தண்டரை முதலில் முடித்துவிடுகிறேன். இலவசம், சுமாரான கம்ப்யூட்டரிலும் ஓடும், இன்று போட்டு இன்றே பறக்கலாம். ஆனால் ஆர்கேட், ரியலிஸ்டிக் என்ற இரண்டு முறைகளிலும் மவுஸை எங்கே காட்டுகிறோமோ அங்கே விமானத்தைக் கொண்டுபோவது அதன் உள்ளே இருக்கும் தானியங்கிப் பயிற்சியாளர். மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகையான ரடரை அவரே மிதிக்கிறார், இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டாலுக்குப் போகாமல் அவரே தடுக்கிறார். லூப் அழகாக வரும், நாம் எதுவும் கற்றிருக்க மாட்டோம். சிமுலேட்டர் முறையில் ஜாய்ஸ்டிக் வைத்துப் பறந்தால் கதை வேறு. அங்கே முழுக் கட்டுப்பாடும் நம் கையில் இருக்கும், ஸ்டாலில் சுழன்றுகொண்டே விழும் ஸ்பின்னும் வரும். ஏற்கெனவே வார் தண்டர் வைத்திருப்பவர் அந்த முறைக்கு மாறி, டெஸ்ட் ஃப்ளைட்டில் ஒரு மாதம் பழகிப் பார்க்கலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இதைவிட நல்ல ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது.

அது டிசிஎஸ் வேர்ல்டோடு வரும் டிஎஃப்-51டி. இரண்டாம் உலகப் போரின் பி-51 மஸ்டாங்கின் இரண்டு இருக்கை வடிவம் இது. துப்பாக்கி கிடையாது. காக்கசஸ், மரியானா என்ற இரண்டு நிலப்பரப்புகளும் சேர்ந்தே கிடைக்கும். சுடத் தெரியாத விமானம் என்று பலர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சாகசம் பழக இதைவிட நல்ல ஆசிரியர் இந்த நாலில் எங்கும் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

ஏன் என்பதை ஒரு லூப்பை வைத்துச் சொல்கிறேன். காக்கசஸில் கருங்கடல் கரைக்குப் போங்கள். நம் தேவனாம்பட்டினம் கரை மாதிரி நீளமாகத் தெரியும் கடற்கரைக் கோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு இணையாக 8,000 அடியில் பறங்கள். திசை தவறினால் அந்தக் கோடே காட்டிக்கொடுத்துவிடும். இன்ஜினை நிமிடத்துக்கு 2,700 சுற்று, 46 இன்ச் மேனிஃபோல்டு அழுத்தத்தில் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) வையுங்கள். மஸ்டாங் தொடர்ந்து தாங்கும் உச்ச அளவு அது. வேகம் 300 மைல் வந்ததும் ஸ்டிக்கை நிதானமாகப் பின்னால் இழுங்கள், நம் எடையைப் போல எத்தனை மடங்கு விசை அழுத்துகிறது என்று காட்டும் ஜி-மீட்டர் நாலைத் தொடட்டும். முன்னால் வானம் மட்டும்தான் தெரியும். இப்போது தலையைத் திருப்பி இடது இறக்கை நுனியைப் பாருங்கள். அடிவானத்தின் மேல் அது வட்டமிட்டு நகர்வதுதான் நமக்கு வழிகாட்டி.

செங்குத்தைத் தாண்டும்போது வேகம் மளமளவென்று இறங்கும். உச்சிக்குப் போகும்போது ஏறத்தாழ 2,500 அடி ஏறியிருப்போம், வேகம் 120 மைலை ஒட்டி இருக்கும். ஆரம்பத்தில் இழுத்த அதே இழுப்பை இங்கேயும் இழுத்தால் இறக்கை உதறும், அடுத்த நொடி ஒரு பக்கம் கவிழும். அதனால் இழுப்பைத் தளர்த்தி, விமானத்தை மிதக்கவிட வேண்டும். லூப் வட்டமாக வருவதும் முட்டை வடிவில் வருவதும் இந்தத் தளர்த்தலில்தான் இருக்கிறது. இதே நேரத்தில் இன்னொன்றும் நடக்கும். விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் மஸ்டாங்கின் புரொப்பல்லர் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. வேகம் குறைந்து இன்ஜின் முழு வலுவில் இருந்தால் மூக்கு இடது பக்கம் போகப் பார்க்கும், வலது காலால் பிடிக்க வேண்டும். இறங்கும்போது வேகம் ஏற ஏற நிலைமை தலைகீழாகும், இடது கால் வேண்டும். ஒரே லூப்பில் கால் இடம் மாறுகிறது. இதைச் செய்யாமல் விட்டால், கடற்கரைக்கு இணையாகத் தொடங்கியவர் கடலைப் பார்த்து முடிப்பார். டிசிஎஸ்ஸின் மஸ்டாங் இதை ஒரு முறைகூட மன்னிப்பதில்லை. அதற்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

ஸ்டால் டர்னில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். செங்குத்தாக ஏறி, நிற்கப் போகும் நேரத்தில் இடது ரடரை முழுதாக மிதித்தால் மஸ்டாங் தன் இறக்கை நுனியைச் சுற்றித் திரும்பி, வந்த வழியே இறங்கும். புரொப்பல்லர் காற்றும் முறுக்கும் அந்தப் பக்கம் கைகொடுக்கின்றன. அதே வேலையை வலது பக்கம் செய்து பாருங்கள். பாதியில் நின்று, வாலால் சறுக்கி, சில சமயம் ஸ்பின்னுக்கும் போய்விடும். போனால் பயப்பட வேண்டாம். த்ராட்டிலைக் குறைத்து, ஸ்டிக்கைப் பக்கவாட்டில் நடுவில் வைத்து, சுழற்சிக்கு எதிர் ரடரை முழுதாக மிதித்து, ஸ்டிக்கை முன்னால் தள்ள வேண்டும். சுழற்சி நின்ற கணமே ரடரை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் எதிர்ப்பக்கம் சுழலத் தொடங்கும். உயரம் இருந்தால் வெளியே வந்துவிடலாம். 8,000 அடியில் தொடங்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஸ்ப்ளிட்-எஸ் என்றால் 10,000 அடிக்குக் கீழே நான் தொடங்குவதே இல்லை.

அசல் மஸ்டாங் கையேட்டில் இருந்த கட்டுப்பாடுகளும் இங்கே பொருள் உள்ளவை. போருக்குப் போன பி-51டி-யில் விமானியின் பின்னால் 85 கேலன் பெட்ரோல் டேங்க் ஒன்று உண்டு. அதில் 40 கேலனுக்கு மேல் இருந்தால் சாகசம் கூடாது என்பது விதி. எடை பின்னால் போய், இழுக்கும்போது மூக்கு தானாக மேலும் தூக்கிக்கொள்ளும். தலைகீழாகப் பறப்பதற்கும் 10 நொடிதான் எல்லை, அதற்கு மேல் ஆயில் அழுத்தம் விழுந்துவிடும். பின்னால் காசு கொடுத்து முழு பி-51டி வாங்குபவர்கள் பறக்கும் முன் எரிபொருள் அளவைக் குறைத்து வையுங்கள். முழு டேங்கோடு லூப் போட்டுவிட்டு சிமுலேட்டரைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ். 2014-ல் ஸ்டாலின்கிராடில் தொடங்கி மாஸ்கோ, குபான், நார்மண்டி என்று வளர்ந்த தொகுப்பு. இலவசம் கிடையாது, ஆனால் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ஸ்டாலின்கிராட் பகுதி அடிக்கடி பெரிய தள்ளுபடியில் வரும். டிசிஎஸ் திணறும் கம்ப்யூட்டரில்கூட இது நன்றாக ஓடும். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் மெஷினை வைத்துப் பார்த்தால் இது சிறிய விஷயம் கிடையாது.

பறக்கும் உணர்வில் ஐஎல்-2 ஒரு படி மேலே என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்டாலுக்கு முன்னால் வரும் உதறல் விஷயத்தில் நானும் ஒப்புக்கொள்கிறேன். சத்தமும் தலை அசைவும் சேர்ந்து, இன்னும் கொஞ்சம் இழுத்தால் போச்சு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். ஜெர்மன் போர் விமானமான பிஎஃப்-109-இல் லூப் உச்சிக்கு வரும்போது இறக்கை முன்விளிம்பில் இருக்கும் ஸ்லாட் என்ற சிறு மடல்கள் தாமாகத் திறந்துகொள்ளும், சில நேரம் ஒரு பக்கம் முந்திக்கொண்டு திறக்கும், அப்போது விமானம் லேசாகத் திமிறும். 2020-ல் விமானியின் உடல்நிலையையும் விரிவாகச் சேர்த்தார்கள். தொடர்ந்து ஜி இழுத்தால் ஆள் களைத்துப் போவார், முதலில் தாங்கிய ஜி-யை அடுத்தடுத்த திருப்பங்களில் தாங்க மாட்டார். சாகசத்தைச் சண்டையில் பயன்படுத்த நினைப்பவருக்கு இது பெரிய பாடம். எதிரியைப் பார்த்ததும் முழு இழுப்பு இழுக்கும் பழக்கம் தானாகவே குறையும்.

இதன் இன்னொரு பகுதியான ஃப்ளையிங் சர்க்கஸ் முதல் உலகப் போர் விமானங்களுக்கானது. அதில் சாப்வித் கேமலை மட்டுமாவது ஓட்டிப் பாருங்கள். அதன் இன்ஜின் முழுவதுமே புரொப்பல்லரோடு சேர்ந்து சுழல்வதால், வலது பக்கம் திரும்பினால் மூக்கு கீழே போகும், இடது பக்கம் திரும்பினால் மேலே ஏறும். ரடர் எதற்கு என்று கேட்பவருக்கு இது ஒரு மாலையில் பதில் சொல்லிவிடும்.

ஸ்லோ ரோல் விஷயத்தில் தனியாக ஒன்று. மெதுவாக உருளும்போது பக்கவாட்டில் இருக்கையில் மேல் ரடர் வேண்டும், தலைகீழாக இருக்கையில் ஸ்டிக்கை முன்னால் தள்ள வேண்டும். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் இப்படித் தள்ளினால் இன்ஜின் திணறும், ஏனென்றால் அதன் மெர்லின் இன்ஜினில் இருந்தது மிதவை கார்புரேட்டர். பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் 1941-ல் வடிவமைத்த சின்ன வளையம்தான் அந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தது. எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் ஜெர்மன் 109-க்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. ஐஎல்-2 குடும்பத்தின் பழைய உறுப்பினரான கிளிஃப்ஸ் ஆஃப் டோவரில் இந்த வித்தியாசத்தை நேரில் பார்க்கலாம்.

அப்படியானால் டிசிஎஸ்ஸா, ஐஎல்-2-வா? 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் டிசிஎஸ். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஐஎல்-2. படம் திக்கித் திக்கி ஓடினால் லூப் உச்சியில் கை எப்போது தளர வேண்டும் என்பது பிடிபடவே பிடிபடாது. டிசிஎஸ் நூறு ஜிபி அளவுக்கு இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் ஃபைபர் இல்லாமல் மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவர், ஃபைபர் இருக்கும் நண்பர் வீட்டில் ஹார்டு டிஸ்க்கோடு போய் உட்காருவது நல்லது.

பிள்ளைகளுக்கு உண்மையில் ஆசை ஜெட் மேல்தான், அது எனக்கும் தெரியும். எஃப்-16 வேண்டும் என்றால் ஃபால்கன் பிஎம்எஸ்ஸும் டிசிஎஸ்ஸும் எதிரெதிரே நிற்கின்றன. பிஎம்எஸ் இலவசம். 1998-ல் வந்த ஃபால்கன் 4.0 மட்டும் நம்மிடம் இருக்க வேண்டும், அது மலிவாகவே கிடைக்கும். டிசிஎஸ்ஸில் எஃப்-16 காசு கொடுத்து வாங்கும் மாட்யூல், அதாவது தனியாகச் சேர்க்கும் விமானத் தொகுப்பு. போர்க்கள அனுபவத்துக்கு எனக்கு பிஎம்எஸ், காட்சிக்கு டிசிஎஸ். ஆனால் சாகசம் பழகுவதற்கு இரண்டிலும் எஃப்-16 முதல் விமானமாக இருக்கக் கூடாது. அந்த விமானத்தில் ஸ்டிக் நேரடியாக இறக்கையோடு பேசுவதில்லை. நாம் கேட்பதைக் கம்ப்யூட்டர் வாங்கி, 9 ஜி, 25 டிகிரி தாக்குகோணம் (இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணம்) என்ற எல்லைகளுக்குள் அளந்து கொடுக்கிறது. முழுசாக இழுத்தாலும் லூப் வரும், ரடரைத் தொடாமலே ரோல் வரும். அசல் எஃப்-16 அப்படித்தான், அதில் சிமுலேட்டரின் குறை ஒன்றும் இல்லை. கற்றுக்கொள்ளும் கைக்குத்தான் அங்கே வேலை குறைவு.

பிஎம்எஸ்ஸில் ஒரு பயிற்சியை மட்டும் தவறவிடாதீர்கள். செங்குத்தாக ஏறி வேகத்தை முழுக்க இழந்தால் எஃப்-16 ஆழ்ந்த ஸ்டாலில் மாட்டும். மூக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்க, விமானம் இலைபோல இறங்கும். அப்போது கம்ப்யூட்டரின் மூக்குக் கட்டுப்பாட்டை விலக்கும் எம்பிஓ சுவிட்சைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஆடும் தாளத்தோடு சேர்ந்து ஸ்டிக்கை முன்னும் பின்னும் ஆட்டி, ஒரு பெரிய ஆட்டத்தில் மூக்கைக் கீழே தள்ளி வெளியே வர வேண்டும். கம்ப்யூட்டர் எல்லைகளைக் காக்கும் விமானத்திலும் விமானிக்கு வேலை இருக்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி.

பறந்துகொண்டே மூக்கைச் செங்குத்துக்கு மேல் தூக்கி மீண்டும் இறக்கும் கோப்ரா வேண்டும் என்பவர்களுக்கு டிசிஎஸ்ஸின் ஃப்ளேமிங் கிளிஃப்ஸ் தொகுப்பில் எஸ்யு-27 உண்டு. 1989 பாரிஸ் விமானக் கண்காட்சியில் சோவியத் விமானி விக்டர் புகச்சோவ் உலகத்துக்குக் காட்டியது அந்த விமானத்தில்தான். தாக்குகோணக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, ஸ்டிக்கை ஒரே இழுப்பாக இழுத்துத் தள்ள வேண்டும். பார்க்கப் பிரமாதம். இதற்காக மட்டும் யாரும் காசு செலவழிக்க வேண்டாம் என்பேன், கோப்ராவை முடித்து நிற்கும்போது வேகம் எல்லாம் போய், பின்னால் வருபவனுக்கு நாம் சுலபமான இலக்கு.

சூர்யகிரண் குழு பறப்பது ஹாக் மார்க் 132. டிசிஎஸ்ஸில் ஒரு காலத்தில் ஹாக் மாட்யூல் இருந்தது, அதைத் தயாரித்த குழு விலகியதால் இப்போது இல்லை. அந்தக் கூட்டுப் பறத்தலை நண்பர்களோடு சேர்ந்து செய்ய ஆசைப்படுபவர்கள் எல்-39 அல்லது எம்பி-339 பார்க்கலாம். இரண்டும் பயிற்சி ஜெட்கள், கம்ப்யூட்டர் குறுக்கே வராது. எம்பி-339-இல் இத்தாலியின் சாகசக் குழு பறந்த வடிவமும் புகையோடு வருகிறது.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். கேம்பேடில் மேலே சொன்ன எதுவும் சரியாக வராது. அதன் குட்டிக் குச்சியில் இழுப்பைத் தளர்த்துவதற்கு இடமே கிடையாது. முறுக்கினால் ரடர் வேலை செய்யும் சாதாரண ஜாய்ஸ்டிக் போதும். புதுச்சேரி கடைகளில் கேட்டால் பெரும்பாலும் கேம்பேடைத்தான் எடுத்து நீட்டுவார்கள், அதனால் ஆன்லைன் அல்லது சென்னை ரிச்சி தெரு. வாங்கும்போது காந்த சென்சார் உள்ளதாகப் பாருங்கள். தேயும் தொடர்புப் புள்ளிகள் அதில் இல்லை. நம்மைப் போலக் கடலோரம் குடியிருப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் காசு வீண் போகாது.

அடுத்த செலவு பெடலா, தலை அசைவைப் பின்தொடரும் வசதியா என்றால் நான் இரண்டாவதைச் சொல்வேன். லூப்பில் இறக்கை நுனியைப் பார்க்க வேண்டும், உச்சிக்கு முன்பே தலையை அண்ணாந்து எதிர்ப்பக்க அடிவானத்தைத் தேட வேண்டும். கையும் கட்டைவிரலும் இதற்குப் போனால் ஸ்டிக் ஆடிவிடும். ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருளும் சாதாரண வெப்கேமும் இருந்தாலே போதும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் ஒரே சீராக விழும்படி மேசையைத் திருப்பிப் போடுங்கள். வி.ஆர். கண்ணாடி இதைவிட நன்றாக இருக்கும்தான், ஆனால் கடலூர் மே மாதத்தில் ஏ.சி. இல்லாத அறையில் அரை மணி நேரம் தாங்காது. பெடல் மூன்றாவது. முறுக்கு ரடரில் முழுதாக முறுக்கும்போது கை அறியாமல் ஸ்டிக்கைப் பக்கவாட்டிலும் சாய்க்கும், ஸ்லோ ரோல் அதனால் கோணலாகும். அந்தத் தொந்தரவு உங்களுக்கே தெரியத் தொடங்கும்போது பெடல் வாங்கினால் போதும்.

பறந்ததைத் திரும்பிப் பார்க்க டாக்வியூ என்ற மென்பொருள் டிசிஎஸ்ஸுக்கும் பிஎம்எஸ்ஸுக்கும் உண்டு. லூப்பின் பாதையை முப்பரிமாணக் கோடாக வரைந்து காட்டும். வட்டமா, முட்டையா, எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

மஞ்சக்குப்பம் தம்பிக்கு நான் சொன்னது இது. டிசிஎஸ்ஸை ஸ்டீமில் எடுக்காமல் அவர்களுடைய தனி நிறுவலாகவே எடு, ஏனென்றால் மாட்யூல்களுக்கு 14 நாள் இலவச ஒத்திகை அதில்தான் கிடைக்கும். ஒரு மாட்யூலை ஒரு முறை எடுத்தால் அடுத்த முறைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதனால் அவசரப்பட்டு எதையும் திறக்காதே. முதலில் மஸ்டாங்கில் லூப் கடற்கரையை விட்டு விலகாமல் வரட்டும், இடது ஸ்டால் டர்ன் கைக்கு வரட்டும். அதன் பிறகு யாக்-52-க்கு ஒத்திகை போடு. அதன் எம்-14பி இன்ஜின் புரொப்பல்லரை மஸ்டாங்குக்கு நேர் எதிர்ச் சுற்றில் சுழற்றுகிறது. உச்சியில் மூக்கு வலது பக்கம் போகும், இடது காலால் பிடிக்க வேண்டியிருக்கும், ஸ்டால் டர்ன் வலது பக்கம்தான் சுலபமாக வரும். கால் அங்கே தானாக மாறினால் எஃப்-16-க்குக் காசு கட்டு. மாறவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் மஸ்டாங்கிலேயே இரு, அதற்குத்தான் செலவு ஒன்றும் இல்லையே.